அனுமதிக்குக் காத்திருந்த ஒன்பது பின்னூட்டங்கள்

பேனாவால் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது, கையெழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். ஒரு பக்கத்துக்குள் முடித்துக் கொடுக்கச் சொன்னீர்கள், மேடம். முயற்சி செய்கிறேன். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலாக வாரம் மூன்று பதிவு எழுதியவள் நான். ஒரு பக்கத்தில் நான் இன்னும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். முன்னால் வாடிக்கையாளர் உட்கார்ந்து சுவரில் இருக்கும் எழுத்துகளை மேலிருந்து கீழே படிப்பார். கடைக்காரர் எண்களைச் சீட்டில் குறிப்பார். சீட்டு ஒரு சின்னத் தட்டில் எனக்கு வரும். நான் ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, திருகாணி முடுக்கி, துடைத்து அனுப்புவேன். எட்டு வருடத்தில் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்திருக்கிறேன். மாட்டியவுடன் அவர்கள் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கடைக்காரரைப் பார்ப்பார்கள், பிறகு தெருவைப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்தவர் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படி.

மதிய இடைவேளையில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். வாயில் நுழையாத பெயருள்ள மனிதர்கள் பனியில் நடந்துபோய் ஒருவருக்கொருவர் நாற்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். படிக்க ஆள் இருக்கிறது, எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஆறு வயது மூத்தவன். எனக்கு அவன் வைத்த பெயர் சுண்டு. வேலை முடிந்து வந்தால் அழைப்பு மணியை அழுத்திவிட்டு வெளியே நின்றபடியே, "மூணாவது மாடி, இறங்குறவங்க இறங்கலாம், கதவுல கை வைக்காதீங்க" என்பான். அம்மா ஒவ்வொரு நாளும் சிரிப்பாள். அதே வரிக்கு ஒவ்வொரு நாளும் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை. மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தான். அம்மா, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். அவன் போனைச் சுவரில் அடித்தான், நீலப் பையை எடுத்தான், போய்விட்டான். மத்தியானமே அம்மா சொன்னதை மறந்துவிட்டு அவனுக்கும் சேர்த்துச் சமைத்தாள். அவன் மறக்கவில்லை. காணவில்லை என்று நாங்கள் கொடுத்த புகார் உங்கள் ஸ்டேஷன் பதிவேட்டிலேயே இருக்கும், எழுதிக்கொண்டவர் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினார்.

இருபதாம் நாள் நான் ஒரு வலைப்பூ தொடங்கினேன். பெயர் "வருவான்". முதல் பதிவு வெறும் அறிவிப்பு. உயரம், சட்டை நிறம், இடது புருவத்தில் தழும்பு, ஒரு புகைப்படம், அம்மாவின் எண். அதனால் கிடைத்தது பதினோரு விஷம அழைப்புகள். ஒருவன் அண்ணனைப்போலவே அழுதுகாட்டினான். அம்மா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. எண்ணை மாற்றினேன், வலைப்பூவிலிருந்தும் எடுத்துவிட்டேன். பின்னூட்டம் எது வந்தாலும் நான் படித்து அனுமதித்த பிறகுதான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்று அமைப்பை மாற்றினேன். இதையெல்லாம் நான் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்ததாக உங்கள் குறிப்பில் இருக்கிறது. அது தவறு. அதெல்லாம் அம்மாவுக்காகச் செய்தது.

இரண்டாவது பதிவு அவன் விட்டுப்போன செருப்பைப் பற்றி. வலது செருப்பு மட்டும் பக்கவாட்டில் தேய்ந்திருக்கும், மூடும் லிஃப்ட் கதவை அந்தக் காலால்தான் தடுப்பான். அவ்வளவுதான் எழுதினேன், எட்டு வரி இருக்கும். மறுநாள் காலை ஆறு பின்னூட்டங்கள். ஆறு பேர், முன்பின் தெரியாதவர்கள், என்னிடம் பேசியிருந்தார்கள். அன்றைக்குக் கடையில் இரண்டு லென்ஸ் உடைத்தேன். கடைக்காரர், "என்னம்மா, காதலா?" என்றார். கிட்டத்தட்ட.

வலைப்பூ எழுதுவதால் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன். கார்டு சார் கிடைத்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பதிவு வந்ததும் முதல் பின்னூட்டம் அவருடையதாகத்தான் இருக்கும், அடியில் "வந்து சேர்ந்த நேரம் 6.31" என்று போடுவார். தன் இலவசப் பயணச் சீட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராக இறங்கி, அண்ணனின் படத்தை ஆஸ்பத்திரிகளில் காட்டி விசாரித்து வந்தார். டீச்சரக்கா கிடைத்தார், கணக்கு ஆசிரியை. அம்மாவின் முழங்கால் மோசமானபோது கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். வீடு மாறிய அன்று வாசகர்கள் பதினான்கு பேர் வந்து எங்கள் அலமாரியைத் தூக்கினார்கள். அலமாரி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டபோது கூட அவர்கள், "அண்ணன் இருந்தா லிஃப்டுலயே ஏத்தி இறக்கியிருப்பார்" என்று சிரித்தார்கள். அவனை அவர்கள் பார்த்ததே இல்லை, மேடம். நான் எழுதியதிலிருந்து அவ்வளவு தெரிந்துவைத்திருந்தார்கள். பிறகு கப்பல்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எனக்கு ஒரு நாவல் அனுப்புவார், முதல் பக்கத்தில் "சுண்டுவுக்கு" என்று எழுதியிருக்கும்.

எனக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் தபாலில் எனக்கு மின்கட்டண ரசீதுதான் வந்திருக்கிறது.

அம்மாவுக்குத் திரையில் படிக்க வராது. தினமும் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது கேட்பாள்.

"ஏதாவது வந்துச்சாடி?"

"நூத்திப் பதினாறு வந்திருக்கும்மா."

"அதுல அவனைப் பத்தி?"

"எல்லாமே அவனைப் பத்தித்தாம்மா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு, வாசல் கேட்டின் கொக்கி மாட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். மாட்டியிருந்தால் எடுத்துவிடுவாள்.

வலைப்பூவின் முதலாண்டு நிறைவுக்கு ஒரு சந்திப்பு வைக்கலாம் என்றார் டீச்சரக்கா. ஒரு நூலகத்தின் மாடியறை கிடைத்தது. நாற்பத்துமூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள், கப்பல்காரர் விடுப்பு எடுத்திருந்தார். அதற்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை காலை, செருப்புப் பதிவுக்கு ஒரு பின்னூட்டம் வந்து அனுமதிக்குக் காத்திருந்தது.

"சுண்டு, நான்தான். ஆஸ்பத்திரில இருக்கேன். லிஃப்ட் குழிக்குள்ள விழுந்துட்டேன், ஒரு கால் நொறுங்கிப்போச்சு. அம்மா நம்பர் மட்டும்தான் மனப்பாடம், அதைப் போட்டா வேற யாரோ எடுக்குறாங்க. பழைய வீட்டுக்குப் போட்ட லெட்டரும் திரும்பி வந்துடுச்சு. இங்க பெருக்குற அக்கா உன் பிளாக் படிப்பாங்களாம், போட்டோ பாத்துட்டு இது நீதானே தம்பின்னாங்க. அம்மா கோபம் தீர்ந்துச்சா?" அடியில் ஆஸ்பத்திரியின் பெயரும் கட்டில் எண்ணும்.

அவன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விஷமம் என்று நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபம், ஆனால் நான் பொய் சொல்லப் பழகவில்லை. சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே. பேருந்தில் சிரித்துக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு முடியட்டும், திங்கட்கிழமை அனுமதித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். கிடைத்துவிட்டான் என்று புதன்கிழமையே சொல்லிவிட்டால், பாவம், அத்தனை பேர் எதற்காக வருவார்கள்? விடுப்பு, பயணச் சீட்டு எல்லாம் வீண். நான்கு நாள்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாள். நான் உள்ளே நுழைந்ததும் நாற்பத்துமூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அதில் ஒன்பது பேர் நான் தேய்த்த லென்ஸ் போட்டிருந்தார்கள், எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேசச் சொன்னார்கள். "அவன் எங்கிருந்தாலும் இதைப் படிக்கிறான் என்று நம்புகிறேன்" என்றேன். டீச்சரக்கா மூக்கைச் சிந்தினார். ஒரு பதிப்பகக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிவே இல்லாம இருக்கு பாருங்க, அதுதான்மா இதுல அழகு" என்றார். இவற்றைப் புத்தகமாகக் கொண்டுவரலாம், இன்னும் இருபது பதிவு வேண்டும் என்றார்.

இருபது பதிவென்றால் ஏழு வாரம். நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கட்டில் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். தெருவில் கிடக்கிறான் என்றால் நான் அன்றைக்கே போயிருப்பேன்.

அதன்பிறகு இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அண்ணனுக்கு எழுத வராது, ஆனால் பார்க்கத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறதாம். அதில் யாரோ பெரிய திமிங்கலம் வரையத் தொடங்கி, வால் வரையாமலே விட்டுவிட்டார்களாம். "பாதியில சம்பளம் நின்னிருக்கும் போல. அது நீந்தவும் முடியாம இறங்கவும் முடியாம அங்கயே நிக்குது சுண்டு. எனக்கு அதுதான் துணை." பக்கத்துக் கட்டில்காரர் தூக்கத்தில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறாராம், விழித்ததும் அவளைத் திட்டுகிறாராம்.

இப்படி ஒன்று கையில் வந்து விழுந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "அவன் எங்கோ ஒரு கட்டிலில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறேன்" என்று தொடங்கி ஒரு பதிவு எழுதினேன். மன்னிப்புக் கேட்கும் மனிதரை வைத்தேன். கப்பல்காரர், எங்கோ நடுக்கடலிலிருந்து, "சுண்டு, உனக்கு வந்திருப்பது சாதாரணக் கற்பனை இல்லை" என்று எழுதினார். அந்த வரியைக் கடையில் என் மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருந்தேன்.

நான்காவது பின்னூட்டத்தில் அண்ணன் எழுதியிருந்தான்: "பக்கத்துக் கட்டில் பெரியவரைப் பத்தி எழுதிட்டே. அப்ப நீ படிக்கிறே. சரி சரி. ஏதோ காரணம் இருக்கும், உனக்குத் தெரியும்." என்மேல் அவனுக்கு எப்போதுமே நம்பிக்கை அதிகம். ஐந்தாவதில் எலும்பில் சீழ் வைத்திருப்பதாகவும், முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்வதாகவும் எழுதினான். ஆறாவதும் ஏழாவதும் பெருக்குகிற அக்கா எழுதியவை. "ஏம்மா, உங்க அண்ணன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. தெனமும் என் போனை வாங்கி உங்க பக்கத்தையே பாத்துட்டு இருக்காரு." இரண்டாவது தடவை எழுதியபோது அந்த அக்காவுக்குக் கொஞ்சம் கோபம் வந்திருந்தது. அதை இங்கே எழுதவில்லை.

எதையும் நான் அழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அழிப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது, நான் அதைத் தொட்டதே இல்லை. ஒன்பதும் வந்த வரிசையில், வந்த தேதியோடு, பத்திரமாக இருக்கின்றன.

எட்டாவதுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. அது ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று காலைதான் வாலில்லாத் திமிங்கலத்தை என் பதிவில் இறக்கியிருந்தேன். நூற்றெழுபது பேர் அதைப் பற்றியே பேசினார்கள்.

"சுண்டு, நீ பதில் போட வேணாம். ஒண்ணே ஒண்ணு செய். அடுத்த பதிவுல அம்மாவுக்குக் கோபம் இல்லைன்னு ஒரு வரி எழுது, போதும். ரெண்டு காலோட வெளிய போனவன் ஒத்தக் காலோட வந்து நிக்கணும்னா அம்மா வான்னு சொல்லியிருக்கணும்ல. டாக்டர் வெள்ளிக்கிழமைக்கு மேல தாங்காதுங்குறார். நீ எழுதினா வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுடுறேன்."

அன்று காலையும் அம்மா கொக்கியை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எனக்கு அது தெரியும். எழுத வேண்டிய வரி அதுதான் என்பதும் தெரியும்.

ஆனால் பாருங்கள், பதிப்பகக்காரர் அதே வாரம் தொகுப்பைப் படித்துவிட்டு ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார். "உங்க அம்மா ரொம்ப நல்லவங்களா இருக்காங்களேம்மா. எல்லாப் பக்கத்துலயும் காத்துக்கிட்டே இருக்காங்க. ஒரு இடத்துலயாவது முறுக்கிக்கிட்டா நல்லாயிருக்கும்." எனக்கும் வெகுநாளாக அது உறுத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை மதியம், கடையின் பின்னறையில், இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுதினேன். தலைப்பு "அம்மாவின் கோபம்". இன்றுவரை அவன் பெயரை எடுத்தால் அம்மா எழுந்து போய்விடுகிறாள், அவன் வந்தாலும் கதவு திறக்காது என்கிறாள், அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் எப்படி நிற்பேன் என்று. ஒரு திருத்தம்கூட இல்லாமல் ஒரே மூச்சில் வந்தது. அப்படி வருவது அபூர்வம். வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வெளியிட்டேன். மாலைக்குள் இருநூற்றுப் பதினொன்று பின்னூட்டம். அதுவரை வந்ததிலேயே அதுதான் அதிகம்.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமை வந்தது. "சரி சுண்டு. அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே. முழங்காலுக்கு மருந்து தேய்ச்சு விடு." ஒன்பதில் நன்றாக எழுதப்பட்டது அதுதான். ஒரு சொல் கூடுதல் இல்லை.

அவன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த புதன்கிழமை இறந்துபோனான் என்று உங்கள் தாளில் பார்த்துத்தான் தேதியைத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னூட்டம் நின்றுபோனது மட்டும்தான். நின்றுபோனதைப் பற்றியும், அதாவது மௌனத்தைப் பற்றி, ஒரு பதிவு எழுதினேன்.

கார்டு சார் அந்த இரண்டு வாரமும் மகள் வீட்டில் இருந்தார், எதையும் படிக்கவில்லை. திரும்பி வந்து விட்டுப்போன பதிவுகளை எல்லாம் ஒரே மூச்சாகப் படித்திருக்கிறார். திமிங்கலத்துக்கு வந்ததும் நின்றிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன்னால் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு அந்த ஜன்னலோரம்தான் அவரும் படுத்திருந்தாராம். வால் எப்போது வரைவார்கள் என்று அவரும் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு நல்ல விவரத்தை விட மனசில்லாமல் போட்டதால் வந்த வினை. எழுதுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதை விட்டிருக்க முடியாது.

அவர் அடுத்த ரயிலிலேயே போயிருக்கிறார். கட்டிலில் வேறு ஆள். பெருக்குகிற அக்கா நீலப் பையைக் கொடுத்தார், எல்லாவற்றையும் சொன்னார். பையோடு கார்டு சார் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கேட் சத்தம் கேட்டு அம்மா போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். பையை முதலில் பார்த்தவள், பின்னால் வருகிறவனுக்காகத் தெருவை எட்டிப் பார்த்தாளாம். இதை அவர்தான் சொன்னார்.

அங்கிருந்து கடைக்கு வந்தார். எட்டு வருடத்தில் என் பின்னறைக்குள் வந்த முதல் ஆள்.

"ஒன்பது கமெண்ட் போட்டிருக்காங்களாமேம்மா. உங்களுக்கு வரலையா?"

"வந்துச்சு சார். அனுமதிக்கல."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் அண்ணனின் படம் இன்னும் இருந்தது, ஓரமெல்லாம் மடங்கி.

"நான் நாப்பத்தேழு ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கேம்மா."

"தெரியும் சார். அதைப் பத்தி ரெண்டு பதிவு போட்டிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் உங்களுக்குப் போன் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசியது ஒரே தடவை. "என்னடி கேட்டான்?" என்றாள்.

"நீ கோபமா இருக்கியான்னு கேட்டாம்மா."

"நீ என்ன சொன்னே?"

சொன்னேன். பதிவைப் படித்தே காட்டினேன், முழுவதும். அம்மாவுக்கு நான் வாசித்துக்காட்டிய முதல் பதிவு அது. அவள் எழுந்துபோய் கேட்டின் கொக்கியை மாட்டிவிட்டு வந்தாள்.

ஆக, ஒன்பது பின்னூட்டங்களையும் வந்த அன்றே படித்தேன். அவன் எங்கே இருக்கிறான், என்ன கேட்கிறான், வெள்ளிக்கிழமைக்கு மேல் என்ன ஆகும், எல்லாம் தெரிந்துதான் வியாழக்கிழமைப் பதிவை எழுதினேன். என் சுய நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல். இதற்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று நீங்களும் உங்கள் மேலதிகாரியும் பக்கத்து அறையில் பேசிக்கொண்டது கேட்டது. எதைப் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஏற்க முடியாது. அவன் திரும்பி வரவேண்டும் என்று நீ நினைக்கவே இல்லையா என்று கேட்டீர்கள். மேடம், என் அண்ணனை இந்த உலகத்தில் என்னைப்போலத் தேடியவர் யாரும் இல்லை. சந்தேகம் இருந்தால் பதிவுகளைப் படித்துப் பாருங்கள். நூற்று எழுபத்தொன்று இருக்கின்றன.